தொழிலுக்குப் பிறவி உண்டா?

சமீபத்தில் ஒரு கிராமத்தில் நமது கூட்டம் முடிந்து, தோழர்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கொண்டிருக்கையில், இரண்டு பேர் நம்மிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் நிலபுலமுள்ள ஒரு பெரியவர். அவ்வூர் வண்ணார் ஒருவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, காலேஜில் சேர மனுப் போட்டிருக்கிறானாம். அதைச் சொல்லி, "ஏனுங்க, ஒவ்வொருத்தனும் இப்படிப் படிச்சுப்போட்டு வெளியே போயிட்டா, துணி வெளுக்கறது யாரு, ஏர் ஓட்டறது யாரு? ஆண்டவன் அவனவனுக்குன்னு ஒரு தொழிலை வெச்சிருக்கானில்லீங்களா?" என்றார்.

அடுத்து வந்தவர் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் வாலிபர். "ஐயா, தொழிற்சாலைகளும் கம்பெனிகளும் பெருகினால் ஜாதி தானாகவே போய்விடும். அதற்கு ஏன் இவ்வளவு கூட்டமும் பத்திரிகையும்?" என்றார்.

இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று விரோதமானவைபோல் தோன்றலாம். ஆனால் இரண்டும் நம்மை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. அதாவது "நீ ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இரு" என்பதுதான். பெரியவர் ஆண்டவன் பார்த்துக் கொள்வான் என்கிறார். வாலிபர் பொருளாதாரம் பார்த்துக் கொள்ளும் என்கிறார். ஆகவே இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வயிறும் ஏரும்

முதலில் பெரியவருக்குச் சொல்லுவோம். ஏர் ஓட்டுவது யார் என்ற கேள்விக்கு உலகம் பதில் சொல்லி வெகுகாலமாகிவிட்டது.

அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டில் வேலை செய்தவர்களில் 100க்குச் சுமார் 40 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று 100க்கு 2 பேர்கூட இல்லை. இங்கிலாந்தில் 1851ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்போதே ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று 100க்குச் சுமார் ஒருவர். தென் கொரியாவில் 1963இல் 100க்கு 63 பேர் நிலத்திலும் கடலிலும் பாடுபட்டார்கள்; இன்று சுமார் 5 பேர். இந்தத் தேசத்து ஜனங்களெல்லாம் சோறில்லாமல் செத்துப் போனார்களா? அமெரிக்கா தான் தின்றது போக மிச்சத்தைக் கப்பல் கப்பலாக ஏற்றி உலகத்துக்கு விற்கிறது.

இதற்குக் காரணம் என்ன? கடவுள் கடாட்சமா? ஒன்றுமில்லை. மனிதனுடைய வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு, அவ்வளவுதான். நூறு ரூபாய் சம்பாதிக்கிறவன் அறுபது ரூபாயை அரிசி பருப்புக்கே கொடுக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவனுக்கு இருநூறு ரூபாய் வந்தால் இரண்டு மடங்கு சோறா தின்பான்? சட்டை வாங்குவான், பாத்திரம் வாங்குவான், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவான், வைத்தியரிடம் போவான், பஸ் ஏறுவான். வருமானம் உயர உயர, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைகிறது என்பதை எர்னஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியர் 1857லேயே தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கைக் கொண்டு காட்டிவிட்டார். சட்டையும் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் வேண்டுமானால் தையற்காரரும் உபாத்தியாயரும் டிரைவரும் வேண்டாமா? அவர்கள் ஆகாயத்திலிருந்தா குதிப்பார்கள்? நிலத்திலிருந்துதான் வரவேண்டும். இன்னொரு பக்கம் நல்ல விதையும் உரமும் இயந்திரமும் வந்து, பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்துவிடுகிறபடியால், மிச்சம் எட்டுப் பேருக்கு நிலத்தில் வேலையும் இல்லை.

விவசாயத்தைவிடக் கைத்தொழிலிலும், கைத்தொழிலைவிட வியாபாரத்திலும் வரும்படி அதிகம் என்று வில்லியம் பெட்டி என்ற இங்கிலீஷ்காரர் எழுதியது 1690இல் அச்சாயிற்று. காலின் கிளார்க் என்பவர் பல தேசங்களின் கணக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, ஒரு தேசம் முன்னேற முன்னேற ஜனங்கள் நிலத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கும் நகர்கிறார்கள் என்று 1940இல் புஸ்தகம் போட்டார். இதில் எந்தத் தேசத்திலாவது "உழுதவன் மகன்தான் உழவேண்டும்" என்று பிரமன் எழுதிய ஓலை குறுக்கே வந்து நின்றதா?

பெரியவருடைய வீட்டையே விசாரித்தோம். ஏருக்குப் பதில் வாடகை டிராக்டர் உழுகிறது. வீட்டுக்குள் சலவை மிஷின் ஓடுகிறது. ஆண்டவன் வைத்த தொழிலை வண்ணார் மகன் விடுவதற்கு முன்பே பெரியவர் நிறுத்திவிட்டார்! துணியை மிஷினில் போட்டுவிட்டு, அந்தப் பையனை மட்டும் துறையிலேயே நிற்கச் சொன்னால், அது தொழிலுக்காகச் சொல்லுவதா, அல்லது கைகட்டி நிற்க ஒருவன் வேண்டும் என்பதற்காகச் சொல்லுவதா?

சாஸ்திரம் யாரைக் கட்டிற்று?

நிற்க, இந்தக் குலத்தொழில் சட்டத்தை எழுதி வைத்தவர்களாவது அதன்படி நடந்தார்களா என்று பார்ப்போம்.

மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாவது அத்தியாயத்தில், தாழ்ந்த வருணத்தான் ஆசைப்பட்டு மேல் வருணத்தானின் தொழிலைச் செய்து பிழைத்தால் அரசன் அவன் சொத்தைப் பிடுங்கிக்கொண்டு நாடு கடத்தவேண்டும் என்று விதித்திருக்கிறது. அதே அத்தியாயத்தில், பிராமணனுக்குத் தன் தொழிலால் ஜீவனம் நடக்காத ஆபத்துக்காலம் வந்தால் க்ஷத்திரியன் தொழிலையும், அதுவும் ஆகாவிட்டால் வைசியன் தொழிலையும் செய்து கொள்ளலாம் என்று வழி விட்டிருக்கிறது. ஒருவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. மற்றவனுக்கு அதே கதவில் பூட்டு.

வெள்ளைக்கார சர்க்கார் வந்து கோர்ட்டும் கச்சேரியும் வைத்தபோது நடந்ததென்ன? வேதம் ஓதவேண்டியவர்கள் சட்டம் ஓதப் போனார்கள். 1916 டிசம்பரில் சர் பி. தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கையில் கணக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இம்மாகாணத்தில் நிரந்தர ஜில்லா முன்சீப்கள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர்கள். ஜனத்தொகையிலோ அவர்கள் 100க்கு 3 பேர் அளவில் இருந்தவர்கள். முன்சீப் வேலை எந்த வேதத்தில் குலத்தொழிலாகச் சொல்லப்பட்டிருக்கிறது? அவர்கள் போனதை நாம் குற்றம் சொல்லவில்லை. புதுத்தொழில் வந்தபோது பழந்தொழிலை விட்டது புத்திசாலித்தனமே. தாங்கள் மாத்திரம் விட்டுவிட்டு, மற்றவனை "உன் தர்மத்தை விடாதே" என்று சொன்னதைத்தான் அயோக்கியத்தனம் என்கின்றோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்சீப், வக்கீல், இஞ்சினீர் என்று எல்லா வேலைக்கும் போன பிறகும் கர்ப்பக்கிருகத்து வேலையை மட்டும் விடவில்லை. தமிழ்நாட்டில் 1970இல் பரம்பரை அர்ச்சகத்தை ஒழித்துச் சட்டம் வந்தது. உடனே வழக்கு, வழக்குக்கு மேல் வழக்கு. முறைப்படி பயிற்சி பெற்ற பல ஜாதியாரில் 24 பேருக்குச் சர்க்கார் அர்ச்சகர் உத்தரவு கொடுத்தது 2021 ஆகஸ்டில்! ஐம்பத்தொரு வருஷம்! வண்ணார் துறையை விட்டால் தர்மம் கெடும் என்கிறவர்கள், வண்ணார் மகன் மணியாட்ட வந்தாலும் தர்மம் கெடும் என்கிறார்கள். அப்படியானால் அந்தத் தர்மம் என்பது தொழிலைக் காப்பதற்கா, இலாபத்தைக் காப்பதற்கா?

ஜப்பான் செய்தது

இனி வாலிபருக்கு வருவோம். தொழிற்சாலை வந்தால் ஜாதி தானாகவே போய்விடும் என்கிறாரே, அதை ஜப்பானை வைத்துப் பார்ப்போம். ஏனென்றால் நம்மைப்போலவே பிறவியால் தொழிலைப் பிரித்து வைத்திருந்த தேசம் அது.

அங்கும் நான்கு வகுப்பு இருந்தது. கத்தி தரித்த சாமுராய் மேலே. பிறகு உழவர், கைத்தொழிலாளர், வியாபாரி. இந்த நான்கிற்கும் வெளியே, செத்த மாட்டை உரிப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் தீண்டத்தகாதவர்களாக ஊர்ப்புறத்தில் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். 1868இல் ஆட்சி மாறியது. 1871இல் தீண்டாதார் என்ற பட்டத்தைச் சட்டத்தால் ஒழித்தார்கள். 1872இல் ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்று சட்டம் செய்தார்கள். 1876இல் சாமுராய்களின் பரம்பரை மானியத்தை நிறுத்தியதோடு, கத்தி தரிக்கவும் கூடாதென்றார்கள். மானியம் போன சாமுராய் என்ன செய்தான்? போலீஸ்காரனாகவும் வாத்தியாராகவும் குமாஸ்தாவாகவும் போனான்.

அதே 1872இல் டொமியோகா என்ற ஊரில் சர்க்கார் பெரிய பட்டு நூற்பாலை வைத்தது. பிரெஞ்சு இயந்திரம், வேலை கற்பிக்கப் பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் வேலைக்குப் பெண்கள் வரவில்லை. ஏன் தெரியுமா? அந்த வெள்ளைக்காரர்கள் குடித்த சிவப்புத் திராட்சை மதுவைப் பார்த்து, கன்னிப் பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பிவிட்டது! ஆலைத் தலைவரான ஒடாகா என்பவர் ஜோசியம் பார்க்கவில்லை, சாந்தி செய்யவில்லை. தம்முடைய சொந்த மகளையே முதல் தொழிலாளியாகக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு மற்றப் பெண்கள் வந்தார்கள். சாமுராய் வீட்டுப் பெண்களே பலர் வந்து பட்டு நூற்றார்கள். ஆலை தானாக ஓடவில்லை, தோழர்களே! மூடநம்பிக்கையை ஒருவர் முன்வந்து உடைத்த பிறகுதான் ஓடிற்று. அன்று 100க்குச் சுமார் 70 பேர் விவசாயத்தில் இருந்த ஜப்பானில் இன்று அதில் இருப்பவர்கள் 100க்குச் சுமார் 3 பேர்.

தானாகப் போயிற்றா?

சரி, அங்கே பிறவி இழிவு போய்விட்டதா? இதைத்தான் வாலிபர் கவனிக்கவேண்டும்.

1871ஆம் ஆண்டுச் சட்டம் வந்த இரண்டாவது வருஷம், 1873இல், மிமசாகா என்ற பிரதேசத்தில் பெரிய கலகம் மூண்டது. கட்டாயப் பட்டாளச் சேவையை எதிர்த்தும், தாழ்த்தப்பட்டவர்களுக்குச் சமத்துவம் கொடுத்ததை எதிர்த்தும் கிளம்பிய கலகம் அது. தாழ்த்தப்பட்டவர்களின் வீடுகளைக் கொளுத்தி, 18 பேரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் யார்? மானியம் இழந்த சாமுராய்களா? இல்லை. சாமுராயிடம் தலைமுறை தலைமுறையாக மிதிபட்ட உழவர்கள். தன்மேல் ஏறி நிற்பவனை இறக்குவதைவிடத் தனக்குக் கீழ் நிற்பவன் ஏறாமல் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிதாய்ப் போயிற்று. நம்மில் பார்ப்பனீயத்தைத் திட்டிவிட்டுச் சேரித் தோழருக்குத் தனிக் குவளை வைக்கிறவர்கள் இந்த 1873ஐ நன்றாக நினைவில் வைக்கவேண்டும்.

1922இல் அத்தாழ்த்தப்பட்ட மக்களே சமத்துவத்துக்காகச் சங்கம் கண்டு போராடினார்கள். தேசமோ ஆலைமயமாயிற்று, மோட்டாரும் ரயிலும் செய்து உலகுக்கு விற்றது. அப்படியிருந்தும் 1975இல் ஒரு செய்தி வெளிப்பட்டது. தாழ்த்தப்பட்டவர்கள் வாழும் ஊர்களின் பெயர்களையெல்லாம் தொகுத்து ஒரு இரகசியப் புஸ்தகம் அச்சடித்து, அதைப் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு விற்றிருந்தார்கள்! வேலைக்கு மனுப் போடுகிறவன் எந்த ஊர் என்று பார்த்துத் தள்ளிவிடுவதற்காக. தோல் தொழில் போயிற்று; தோல் தொழிலாளி என்ற முத்திரை போகவில்லை. கம்பெனி வந்தால் ஜாதி போகும் என்றார் வாலிபர். அங்கே கம்பெனியே ஜாதியைக் காசு கொடுத்து வாங்கிற்று!

இங்கே பார்ப்போம். பட்டணம் வந்தது, பாதாள சாக்கடை வந்தது. கையால் மலம் அள்ள வைக்கக் கூடாதென்று 1993இல் ஒரு சட்டமும் 2013இல் ஒரு சட்டமும் வந்தன. பிறகும் சாக்கடைக் குழியில் இறங்கியவர்கள் விஷவாயுவில் சாகிறார்கள். நாடெங்கும் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் வேலை செய்வோரில் 38,000 பேரை மத்திய சர்க்கார் கணக்கெடுத்தபோது, 100க்குச் சுமார் 92 பேர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினர் என்று 2024இல் தெரியவந்தது. அதில் தாழ்த்தப்பட்டவர்கள் மட்டும் சுமார் 69 பேர். பாதாள சாக்கடையும் அதைச் சுத்தம் செய்யும் மோட்டார் லாரியும் மனுவின் காலத்தில் இல்லை. தொழில் புதிது, உள்ளே இறங்குகிற ஆள் மட்டும் பழைய ஆள்!

இதைவிட வெட்கக்கேடு சிறைச்சாலை. பல மாகாணங்களின் சிறை விதிகளில், பெருக்குகிற கழுவுகிற வேலை இன்ன ஜாதிக்கு, சமைக்கிற வேலை இன்ன ஜாதிக்கு என்று அச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் அவை செல்லாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. சுதந்தரம் வந்து எழுபத்தேழு வருஷம் வரையில், திருடிவிட்டு உள்ளே போனவனுக்குக்கூட சர்க்காரே குலத்தொழில் கொடுத்துக் கொண்டிருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் எழுதி, வழக்குப் போட்ட பிறகுதான் அது போயிற்று, தானாகப் போகவில்லை.

நிலத்தில் அடைபட்டவர்கள்

இந்தியா முழுவதும் 1951இல் 100க்குச் சுமார் 70 பேர் நிலத்தை நம்பி இருந்தார்கள். 2023-24ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி 100க்குச் சுமார் 46 பேர் இருக்கிறார்கள். ஆனால் தேச வருமானத்தில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பாதிப்பேர் பாடுபட்டு ஐந்தில் ஒரு பங்கைப் பங்கிட்டுக் கொள்வதென்றால் அவர்கள் தரித்திரர்களாக இல்லாமல் வேறு எப்படி இருப்பார்கள்? 2018-19இல் 100க்கு 42, 43 பேர் என்று குறைந்திருந்தது, கொள்ளை நோய்க் காலத்தில் ஆலையும் கடையும் மூடி ஜனங்கள் ஊருக்குத் திரும்பியதால் மறுபடி ஏறிவிட்டது. அவர்களைப் பிடித்து நிறுத்த ஆலைகளும் போதவில்லை. நாடு முழுவதும் ஆலைத்தொழிலில் இருப்பவர்கள் 100க்கு 11, 12 பேர்தான். நிலத்தை விட்டவர்களில் பலர் கட்டிடத்தில் சித்தாளாகவும், தெருவில் தள்ளுவண்டிக்காரராகவும்தான் போயிருக்கிறார்கள்.

இந்த நிலைமையில் செய்யவேண்டியது என்ன? நல்ல பள்ளிக்கூடம், நல்ல ஆலை, அங்கே போக எல்லோருக்கும் சம வழி. ஆனால் செய்தது என்ன? 1953இல் ஆச்சாரியார் மந்திரி சபை கிராமப் பள்ளிகளில் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகு என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விட்டார். காமராசர் மந்திரி சபை அத்திட்டத்தை ரத்து செய்தது.

அந்தப் பேய் அத்தோடு போயிற்றா? 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் "விஸ்வகர்மா" என்று திட்டம் கொண்டுவந்தது. சலவை, சவரம், குயவு, செருப்பு, கொல்லு முதலான 18 தொழில்களைக் குடும்பப் பரம்பரையாகச் செய்வோருக்குக் கடன். வயது பதினெட்டு ஆனால் போதும். கைவேலைக்காரருக்குக் கடன் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை; தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் பதினெட்டு வயது என்பது காலேஜ் வாசலில் நிற்கும் வயதல்லவா? அந்த வயதில் சக்கரத்தையும் சவரக் கத்தியையும் காட்டிக் கடன் தருகிறேன் என்பது எதற்காக? தமிழ்நாடு சர்க்கார் குடும்பத்தொழில் என்ற நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று கேட்டு, 2024 நவம்பரில் இத்திட்டத்தை ஏற்க மறுத்தது சரியே என்பது நமது அபிப்பிராயம்.

மறுத்ததன் பலன் தெரிய வேண்டுமானால் கணக்கைப் பாருங்கள். 2021-22இல் காலேஜ் வயதுடையவர்களை வைத்துக் கணக்கிட்டால், காலேஜில் சேர்ந்தவர்கள் இந்தியாவில் 100க்கு 28, தமிழ்நாட்டில் 47. இந்தியாவில் பதிவான தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 40க்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது எந்தக் கோயில் திருவிழாவால் வந்தது? பள்ளிக்கூடத்தாலும், மத்தியானச் சோற்றாலும், வகுப்புவாரி உரிமையாலும், இவற்றுக்காக அடியும் வசவும் வாங்கிய தொண்டர்களாலும் வந்தது.

முடிவாக

ஆகவே பெரியவருக்கு நாம் சொன்ன பதில்: தொழிலுக்குப் பிறவி கிடையாது. எந்தத் தொழிலும் இழிவல்ல. இழிவல்ல என்பது உண்மையானால் நல்ல கூலி கொடுங்கள், கருவி கொடுங்கள். விரும்புகிற எவரும், உங்கள் பேரன் உள்பட, அதற்கு வரட்டும். உங்கள் பேரன் வரமாட்டான் என்றால், வண்ணார் மகனை மட்டும் வா என்று கூப்பிட உங்களுக்கு யோக்கியதை இல்லை.

வாலிபருக்குச் சொன்ன பதில்: பொருளாதாரம் தொழிலை மாற்றும், ஆளை மாற்றாது. ஆலை ஏணியைக் கொண்டுவந்து சாத்தும். அதன் மேற்படியில் யார், கீழ்ப்படியில் யார் என்பதைப் பழைய கையே தீர்மானிக்கும், அந்தக் கையை நாம் பிடித்துத் தடுக்காவிட்டால். உங்கள் கம்பெனியில் பங்கா போட்ட அறையில் உட்கார்ந்திருப்பவர் யார், கக்கூஸ் கழுவுகிறவர் யார் என்று நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நமக்கு எழுதுங்கள் என்றோம்.

அந்தப் பையனுடைய தகப்பனார் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தார். பெரியவர் வீட்டில் அவருக்கு இருநூறு குழி நிலம் வாரத்துக்கு இருக்கிறது. பையனை அனுப்பினால் அது கைமாறும் என்று சொல்லியிருக்கிறார்கள். "என்னங்க செய்யறது?" என்று கேட்டார். அனுப்பத்தான் வேண்டும் என்றோம். நிலம் போனால் போனதற்கு வழி என்ன என்பதை அவர் ஒருவர் தலையில் போட்டுவிட்டு நாம் பஸ் ஏறி வந்துவிட முடியாது. அவ்வூர்த் தோழர்கள் ஐந்து பேர் மனு எழுதவும், உபகாரச் சம்பளத்துக்கும் ஹாஸ்டலுக்கும் அலையவும், நிலத்தைப் பிடுங்கினால் பெரியவர் வாசலில் போய் நின்று கேட்கவும் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பையனோ பெண்ணோ நின்று கொண்டிருக்கக் கூடும். "தொழிலுக்குப் பிறவி உண்டா?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டுக் கைதட்டல் வாங்கினால் போதாது. அந்தப் பிள்ளையின் மனுவை எடுத்துக்கொண்டு நாலு படி ஏறி இறங்குகிறவனே சுயமரியாதைக்காரன் என்பது நமது உறுதியான அபிப்பிராயமாகும்.